வெப்சைட் இருக்கிறது, ஆள் வரவில்லையா? மட்டக்களப்பு, அம்பாறைச் சிறு வியாபாரிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மருதமுனையில் கைத்தறித் துணி விற்கும் ஒரு காக்கா (இங்கே முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) என்னைத் தேடி வந்தார். உட்கார்ந்ததும் சொன்ன முதல் வசனம்: “தம்பி, வெப்சைட் போட்டு எட்டு மாசம். நானும் என்ட மகளும்தான் அதப் பார்க்கிறம்.” சொல்லி முடிப்பதற்குள் அவருடைய போன் மூன்று தரம் அடித்தது. மூன்றும் சாரம் கேட்டு வந்த அழைப்புகள். ஒருவர் களுவாஞ்சிக்குடி, ஒருவர் வெள்ளவத்தை, மூன்றாமவர் ரொறன்ரோ.

ஊரில் பெயர் எடுத்த வியாபாரம் அது. அந்தப் பெயர் இணையத்துக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். அவருடைய தளத்தைத் திறந்து பார்த்தேன். “எமது இணையத்தளத்துக்கு அன்புடன் வரவேற்கிறோம், தரமே எமது தாரக மந்திரம்” என்று ஒரு வரி இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டிருந்தது. போனில் கேட்ட மூவரில் ஒருவருக்கும் அதில் பதில் இல்லை.

அவருக்குச் செய்து கொடுத்த வேலையை வைத்தே இதை எழுதுகிறேன். கல்லடியில் கேக் செய்து விற்கும் அக்காவுக்கும், பாசிக்குடாவில் நாலு அறை வைத்து விடுதி நடத்துபவருக்கும், தயிர், கஜு, பனையோலைப் பொருள் விற்பவர்களுக்கும் வேலை இதேதான். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். விளம்பரத்தில் தொடங்கிக் காசைக் கரைத்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

படி 1: ஒரு கொப்பி வாங்குங்கள்

கடையில் ஒரு சி.ஆர் கொப்பி வாங்கி போனுக்குப் பக்கத்தில் வையுங்கள். இரண்டு கிழமைக்கு, யார் எடுத்தாலும் அவர்கள் கேட்டதை அவர்களுடைய வாயில் வந்த சொல்லிலேயே எழுதுங்கள். திருத்தி எழுத வேண்டாம். வட்ஸ்அப் செய்தி, பேஸ்புக் இன்பொக்ஸ், கடைக்கு வந்தவர் கேட்டது எல்லாம் அதற்குள் வரட்டும்.

காக்காவின் கொப்பியில் விழுந்தவை சில:

“சாரம் மொத்தமா எடுத்தா என்ன விலைக்குத் தருவீங்க?”
“தனிப் பருத்தியா, கலப்பா?”
“கழுவினா சாயம் போகுமா?”
“கல்முனைப் பக்கமிருந்து வந்தா பாண்டிருப்புத் தாண்டி எங்க இறங்கிற?”
“வெள்ளிக்கிழம பகல்ல கட துறந்திருக்குமா?”
“நான் இங்கிருந்து காசு போட்டா, ஆரையம்பதியில அம்மாக்குக் கொண்டுபோய்க் குடுப்பீங்களா?”

கடைசிக் கேள்வி இரண்டு கிழமையில் ஏழு தரம் வந்திருந்தது. காக்காவே ஆச்சரியப்பட்டார். தினமும் பதில் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு அதுதான் தன் வியாபாரத்தின் பெரிய கதவு என்று தெரியாது. பத்தாயிரக்கணக்கில் காசு கொடுத்து வாங்கும் எந்தச் சந்தை ஆய்வும் இதைச் சொல்லியிருக்காது. இனி வரும் ஒவ்வொரு படியிலும் இந்தக் கொப்பியைத் திரும்பத் திரும்பத் திறப்போம். அதனால் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

படி 2: பெயரும் டொமைனும்

தொழிலின் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்திருப்பீர்கள். அந்தச் சான்றிதழ் வங்கிக் கணக்கு திறக்கவும் வேறு தேவைகளுக்கும் உதவும். ஆனால் அது வர்த்தகக் குறிக்கான பாதுகாப்பு இல்லை. பெயரையும் சின்னத்தையும் வேறொருவர் எடுத்துவிடக் கூடாது என்றால் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் பதிந்தால் 10 வருடத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். ஒரு தறிக் கொட்டிலுக்கு இது அவசரம் இல்லை. லேபல் ஒட்டிப் பல ஊருக்கு அனுப்பத் தொடங்கியதும் யோசியுங்கள்.

டொமைன் என்பது உங்கள் தளத்தின் முகவரிப் பெயர். அதற்கு டொட் எல்.கே அல்லது டொட் கொம், இரண்டில் ஒன்று போதும். உள்ளூர்க்காரரிடம் டொட் எல்.கே நம்பிக்கை தரும். ஏற்றுமதிதான் நோக்கம் என்றால் டொட் கொம். 2010 முதல் டொட் இலங்கை என்று தமிழ் எழுத்திலேயே முடியும் முகவரியும் நமக்கு இருக்கிறது. ஆசையாக இருந்தால் அதையும் எடுத்து முதன்மைத் தளத்துக்குத் திருப்பிவிடலாம். அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். வெளிநாட்டில் தமிழ்க் கீபோர்ட் இல்லாத போனில் அடித்துப் பார்க்கச் சொன்னால் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள்.

பெயரை எடுக்க முதல் ஒரு சோதனை. போனில் ஒருவருக்கு அதைச் சொல்லுங்கள், அவர் ஆங்கில எழுத்தில் எழுதட்டும். ஐந்து பேரில் நாலு பேர் ஒரே மாதிரி எழுதினால் எடுக்கலாம். காத்தான்குடியை, ஏறாவூரை, கல்லடியை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம் என்று பாருங்கள். ஊர்ப் பெயரை டொமைனில் சேர்ப்பவர்களுக்கு இந்தத் தலையிடி நிச்சயம்.

இன்னொன்று, இது நான் பட்டு அறிந்தது. சில வருடத்துக்கு முன் என் மாமியின் பலகார வியாபாரத்துக்கு ஒருவர் தளம் செய்து தந்தார். டொமைனைத் தன்னுடைய மின்னஞ்சலில், தன்னுடைய பெயரில் பதிந்திருந்தார். நாங்களும் கேட்கவில்லை. அவர் வெளிநாடு போனார், போன் நம்பர் மாறியது, புதுப்பிக்கும் திகதி வந்து போனது, தளம் படுத்துவிட்டது. அச்சடித்த ஆயிரம் விசிட்டிங் கார்டும் பலகாரப் பெட்டிக்கு அடியில் விரிக்கத்தான் உதவின. ஆகவே டொமைன், ஹோஸ்டிங் (தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் இடம்), கூகுள் கணக்கு, பேஸ்புக் பேஜ் எல்லாம் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் போனில் இருக்க வேண்டும். செய்து தருபவருக்கு நுழைய அனுமதி கொடுங்கள். சாவியைக் கொடுக்காதீர்கள்.

படி 3: முகம்

இதில் அதிக நாள் செலவழிக்க வேண்டாம். ஒரு லோகோ, இரண்டு நிறம், ஒரு தமிழ் எழுத்துரு. லோகோவை வட்ஸ்அப் வட்டத்துக்குள் போட்டுப் பாருங்கள். நகத்தளவு வட்டத்தில் தெரியாத லோகோ எங்கும் தெரியாது.

ஒரு வேண்டுகோள்: பாடும் மீனையும் கல்லடிப் பாலத்தையும் கொஞ்சம் ஓய்வாக விடுங்கள். மட்டக்களப்பில் மருந்துக்கடை, டியூட்டரி, ஓட்டோ, கேட்டரிங் எல்லாவற்றிலும் அந்த மீன் ஏற்கெனவே பாடிக்கொண்டிருக்கிறது. உங்கள் தொழிலுக்குள்ளேயே முகம் இருக்கும். காக்காவுக்கு அவருடைய வாப்பா காலத்திலிருந்து நெய்யும் ஒரு கரைக்கோடு இருந்தது, கடும்பச்சையில் மெல்லிய மஞ்சள். அந்தக் கோட்டையே தளத்தின் மேல் விளிம்பிலும், லேபலிலும், பார்சல் ஒட்டும் டேப்பிலும் ஓடவிட்டோம். பார்த்ததும் ஊரில் உள்ளவர்களுக்கு யாருடையது என்று தெரிந்தது.

பெயர், முகவரி, போன் நம்பர் மூன்றையும் ஒரே மாதிரி எழுதி அந்தக் கொப்பியின் முதற்பக்கத்தில் வையுங்கள். தளத்தில், கூகுளில், பேஸ்புக்கில், பில்லில் எல்லாம் அதே எழுத்து. நிலையான தொலைபேசி இருந்தால் அதையும் போடுங்கள். மட்டக்களப்புக்கு 065, கல்முனைப் பக்கம் 067, அம்பாறைக்கு 063 என்று பார்த்ததும், இவர்கள் உண்மையாகவே இங்கேதான் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கை வரும்.

படி 4: பக்கங்களை எழுதுங்கள்

பெரிய வேலை இதுதான். கொப்பியைத் திறந்து, அடிக்கடி வந்த கேள்விகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கமோ ஒரு பந்தியோ எழுத வேண்டும். காக்காவின் தளத்தில் “எங்களைப் பற்றி”, “எமது சேவைகள்”, “எமது நோக்கு” என்று இருந்த பக்கங்களில் முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தூக்கினோம். அந்த இடத்தில் மொத்த விலைக்கு ஒரு பக்கம், பருத்தியையும் கலப்பையும் கையால் தொட்டு எப்படிப் பிரித்தறிவது என்று ஒரு பக்கம், துவைக்கும் முறைக்கு ஒன்று, வழி சொல்ல ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, வெளிநாட்டிலிருந்து காசு போட்டு ஊரில் வீட்டுக்குக் கொடுப்பிப்பதற்கு ஒரு பக்கம்.

அந்தக் கடைசிப் பக்கம் ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். ரொறன்ரோவில் இரவுச் சாப்பாடு முடித்து ஒன்பது மணிக்கு ஒருவர் போனைத் தூக்கும்போது இங்கே கோடை காலத்தில் காலை ஆறரை. லண்டனில் இரவு பத்து மணி என்றால் இங்கே அதிகாலை இரண்டரை, குளிர்காலத்தில் மூன்றரை. நீங்கள் நித்திரையில் இருக்கும்போதுதான் அவர்களுக்கு அம்மாவின் நினைவு வருகிறது. எந்த ஊர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம், எத்தனை நாள் எடுக்கும், கொடுத்ததற்கு என்ன அத்தாட்சி அனுப்புவோம், காசு எப்படிப் போடுவது என்பதைப் பக்கம் சொல்ல வேண்டும். அத்தாட்சிக்கு, அம்மா துணியைக் கையில் வைத்திருக்கும் போட்டோவை அவர் சம்மதித்தால் அனுப்புவோம் என்று எழுதினோம். எங்கள் எழுத்தில் வேலை செய்த வரி அதுதான்.

இனிச் சொற்கள். நம்மவர்கள் பலர் இந்தியத் தளங்களைப் பார்த்து அப்படியே எடுத்து எழுதுகிறார்கள். அங்கே லுங்கி, இங்கே சாரம். அங்கே முந்திரி, இங்கே கஜு அல்லது மரமுந்திரிகை. புடவை என்றால் நமக்குப் பொதுவாகத் துணிதான், உடுப்பது சாறி. உங்கள் வாடிக்கையாளர் எந்தச் சொல்லைத் தேடுகிறாரோ அது பக்கத்தில் இருக்க வேண்டும். கொப்பியில் மக்களின் சொல்லிலேயே எழுதச் சொன்னது இதற்குத்தான். தமிழ்நாட்டு வாடிக்கையாளரும் வேண்டும் என்றால், “லுங்கி என்றும் சொல்வார்கள்” என்று ஒரு தரம் எழுதினால் போதும். ஐம்பது தரம் திணித்தால் கூகுள் அதைக் குப்பை என்று எடுக்கும், வாசிப்பவரும் ஓடிவிடுவார்.

இங்கே தமிழ் தெரிந்தவர்களே பாதி நேரம் ஆங்கில எழுத்தில்தான் தேடுகிறார்கள். ஆகவே முக்கியமான பக்கங்களுக்கு ஆங்கிலப் பதிப்பு ஒன்று தனி முகவரியில் இருக்கட்டும். பாசிக்குடா, அறுகம்பை விடுதிக்காரர்களுக்கு ஆங்கிலம்தான் முதல். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் வருபவர்களுக்காகச் சிங்களத்தில் ஒரு பக்கமாவது வேண்டும். மொழிபெயர்ப்பு மெஷினில் போட்டு அப்படியே ஏற்றாதீர்கள். சிங்களம் தெரிந்த ஒரு நண்பரை வாசிக்கச் சொல்லி ஒரு பிளேன்டி வாங்கிக் கொடுங்கள்.

நம் நாட்டுக்கே உரிய ஒரு பொறி பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. நோட்டீஸ் அடிக்கும் கடைகளில் இன்றும் பாமினியில்தான் தட்டுகிறார்கள். அதை அப்படியே தளத்தில் ஒட்டினால், பாமினி எழுத்துரு இல்லாத போனில் அது ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். கூகுளும் அந்தக் குப்பையைத்தான் வாசிக்கும். எல்லாப் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு தரம் கண்ணால் வாசியுங்கள், கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும். அதேபோல் விலைப்பட்டியலைப் படமாகப் போடாதீர்கள். எழுத்தாகத் தட்டுங்கள்.

பக்கத்தின் முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழில் வைத்தால் பிரவுசரில் வடிவாகத்தான் தெரியும். ஆனால் பிரதிபண்ணி வட்ஸ்அப்பில் ஒட்டியதும் சதவீதக் குறியும் எண்ணும் எழுத்துமாக நீண்டுவிடும். “மட்டக்களப்பு” என்ற ஒரு சொல் மட்டும் 108 எழுத்தாக விரியும். பார்ப்பவர் வைரஸ் என்று நினைத்து அழுத்த மாட்டார்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் டைட்டில் என்று ஒன்று உண்டு, கூகுளில் நீல நிறத்தில் வருவது. அதில் பொருள் முதலில், ஊர் அடுத்து, கடைப் பெயர் கடைசியில். “மருதமுனைக் கைத்தறிச் சாரம், மொத்த விலை” என்பது போல. தமிழ் எழுத்து அகலமானது, நீளமாக எழுதினால் போன் திரையில் பாதியில் வெட்டுப்படும். அதற்குக் கீழே வரும் இரண்டு வரி விளக்கத்தில், கொப்பியில் இருந்த கேள்வியையும் அதன் சுருக்கப் பதிலையும் எழுதுங்கள்.

பெருநாள் பக்கங்களைப் பற்றி ஒரு சொல். சித்திரைப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், தீபாவளி ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரந்தரப் பக்கம் வையுங்கள், முகவரியில் வருடத்தைப் போடாமல். ஒவ்வொரு வருடமும் அதே பக்கத்தைப் புதுப்பித்தால் அது வளர்ந்துகொண்டே போகும். இரண்டு மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள். இஸ்லாமியப் பெருநாள்கள் வருடா வருடம் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வருவதையும் கணக்கில் வையுங்கள். அறுகம்பைக்கு அலைச் சவாரிக்காரர்கள் வருவது சித்திரை கழிந்து ஐப்பசி வரை. அவர்கள் அறை தேடுவது அதற்குச் சில மாதம் முன்னர், இங்கே மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது. ஆகவே விடுதிக்காரர் தன் பக்கத்தைத் திருத்த வேண்டிய காலம் மாரிதான், எப்படியும் வேறு வேலை இருக்காது.

படி 5: கூகுள் மேப்பில் கடையை நிறுத்துங்கள்

காசு செலவில்லாமல் ஆகக் கூடிய பலன் தருவது இதுதான். கூகுள் பிசினஸ் புரொபைல் என்று தேடிக் கணக்கைத் திறங்கள். உண்மையான கடை என்று உறுதிப்படுத்த இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். தெருவில் தொடங்கி, பெயர்ப்பலகையைக் காட்டி, பூட்டைத் திறந்து உள்ளே போய், நீங்கள்தான் உரிமையாளர் என்று தெரியும்படி வேலை செய்யும் இடத்தைக் காட்டுங்கள். வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும்.

பெயர் என்ற இடத்தில் பலகையில் உள்ள பெயர் மட்டும். “மட்டக்களப்பின் நம்பர் வன் மலிவு விலை” என்று வால் சேர்த்தால் கணக்கை முடக்கிவிடுவார்கள். வகையில் முதன்மையானது ஒன்று, மேலதிகமாக ஒன்பது வரை சேர்க்கலாம். எல்லாவற்றையும் நிரப்ப வேண்டும் என்றில்லை. வீட்டில் கேக் செய்பவர்கள் வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, கொண்டுபோய்க் கொடுக்கும் ஊர்களை மட்டும் போடலாம், 20 இடம் வரை.

மேப்பில் கடையைக் காட்டும் ஊசியைச் சரியான வாசலில் குத்துங்கள். நம் ஒழுங்கைகளில் இலக்கம் தேடி யாரும் வருவதில்லை. “பள்ளிவாசலுக்கு எதிர் ஒழுங்கை, நீல கேற்” என்பதை விளக்கத்தில் எழுதுங்கள். திறக்கும் நேரத்தில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தைத் தனியாகக் குறியுங்கள், பெருநாள் விடுமுறைக்கு முன்கூட்டியே மாற்றுங்கள். ஓட்டோ பிடித்து வந்து பூட்டிய கடையைப் பார்த்தவர் திரும்ப வரமாட்டார்.

படி 6: வேகம், பிறகு சேர்ச் கொன்சோல்

போனில் எடுத்த போட்டோவை நாலைந்து எம்.பி அளவில் அப்படியே ஏற்றுவதுதான் நம் தளங்களின் பெரிய வியாதி. வெப்பி (WebP) என்ற சிறிய பட வடிவத்துக்கு மாற்றி, 200 கே.பிக்குள் கொண்டுவாருங்கள். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற கூகுளின் இலவசக் கருவியில் உங்கள் முகவரியைப் போட்டால், பக்கத்தின் பெரிய படமோ எழுத்தோ தெரிய எத்தனை செக்கன் எடுக்கிறது என்று காட்டும். 2.5 செக்கனுக்குள் இருந்தால் நல்லது. அதைவிட நம்பகமான சோதனை, வீட்டில் ஆகப் பழைய போனை எடுத்து, வைபையை நிறுத்தி, டேட்டாவில் திறந்து பார்ப்பது.

சேர்ச் கொன்சோல் என்பது உங்கள் தளம் கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் இலவசக் கருவி. அதில் தளத்தைச் சேர்த்து, சைட்மேப்பை, அதாவது தளத்துப் பக்கங்களின் பட்டியலைக் கொடுங்கள். புதிய பக்கம் கூகுளில் வர நாட்களும் ஆகலாம், கிழமைகளும் ஆகலாம். “ஒரே நாளில் முதலிடம்” என்று போன் எடுத்துச் சொல்பவர்களின் நம்பரை உடனே புளொக் பண்ணுங்கள்.

படி 7: வட்ஸ்அப்தான் நம் கல்லாப்பெட்டி

இங்கே யாரும் தளத்தில் “கார்ட்டில் சேர்” என்று அழுத்திக் கார்ட் நம்பர் அடித்து வாங்கப் போவதில்லை. பார்ப்பார்கள், பிறகு வட்ஸ்அப்பில் கதைப்பார்கள். அதை எதிர்க்காமல் வழி விடுங்கள். வட்ஸ்அப் பிசினஸ் இலவசம். அதன் கேட்டலொக்கில் 500 பொருள் வரை போடலாம், அதில் ஒவ்வொன்றுக்கும் தளத்துப் பக்கத்தின் லிங்கைச் சேருங்கள். தளத்தில் ஒவ்வொரு பொருளுக்குக் கீழேயும் வட்ஸ்அப் பொத்தான் வேண்டும். அந்த லிங்கில் நம்பரை 94 உடன் தொடங்க வேண்டும், முன்னால் இருக்கும் பூச்சியத்தை எடுத்துவிட வேண்டும். நான் பார்த்த தளங்களில் வேலை செய்யாத வட்ஸ்அப் பொத்தான்களுக்கு அனேகமாக அந்தப் பூச்சியம்தான் காரணம். பொத்தானை அழுத்தியதும் “இந்தச் சாரம் பற்றி அறிய வேண்டும்” என்று பொருளின் பெயருடன் செய்தி தானாக வரும்படி அமைத்தால், எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்பதும் தெரிந்துவிடும்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் புரோட்காஸ்ட் லிஸ்டில் ஒரு பட்டியலுக்கு 256 பேர். உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டும்தான் அது போகும். ஆகவே பார்சலுக்குள் “நம்பரைச் சேமித்து வையுங்கள்” என்று ஒரு சிறு துண்டு வையுங்கள். கேட்காதவர்களைக் குரூப்பில் இழுத்துப் போடாதீர்கள். அது மரியாதையும் இல்லை, 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்றும் நாட்டில் இருக்கிறது.

பேஸ்புக்கில் என்ன போடுவது என்று எல்லோரும் கேட்பார்கள். வாழ்த்துப் படம் வேண்டாம். தறியில் நாடா பாயும் சத்தத்துடன் இருபது செக்கன் வீடியோ, பாவு ஓட்டும் காலை வேளை, சாயம் தோய்த்த நூல் வெயிலில் தொங்குவது, இவை போதும். காக்கா முதலில், “இதென்ன தம்பி, ஊரெல்லாம் பார்க்கிறதுதானே” என்றார். ஊரில் இருப்பவர்களுக்கு அது சாதாரணம்தான். சூரிச்சில் இருந்து ஒருவர் அந்தத் தறிச் சத்தத்தைக் கேட்டு அழுதுவிட்டதாக வொய்ஸ் நோட்டு அனுப்பினார். ஒவ்வொரு பதிவிலும் தளத்துப் பக்கத்தின் லிங்க் இருக்க வேண்டும், முதற்பக்கத்தின் லிங்க் இல்லை, அந்தப் பொருளின் பக்கம்.

படி 8: பிறர் வாயால் சொல்லவிடுங்கள்

நம் ஆட்கள் நேரில் பாராட்டுவார்கள், ரிவியூ எழுத மாட்டார்கள். கூச்சம். காக்காவுக்கு வந்த நன்றிகள் எல்லாம் வொய்ஸ் நோட்டாகத்தான் இருந்தன. அப்படி வரும்போதே, “இதையே கூகுளில் இரண்டு வரி எழுதிவிடுங்கள்” என்று ரிவியூ லிங்கை அனுப்பினால் எழுதுகிறார்கள். ஒரு கிழமை கழித்துக் கேட்டால் எழுத மாட்டார்கள். ரிவியூவுக்குக் கழிவு தருவதாகச் சொல்வது கூகுளின் விதிப்படி தடை. சொந்தக்காரர் இருபது பேரை ஒரே இரவில் எழுத வைப்பதும் வேண்டாம். குறை சொல்லி எழுதினால் ஒரு நாள் பொறுத்து, கோபம் ஆறியபின் பதில் போடுங்கள். அந்தப் பதிலை அவர் மட்டும் வாசிப்பதில்லை, அடுத்து வாங்க நினைப்பவரும் வாசிப்பார்.

மற்றத் தளங்களிலிருந்து உங்களுக்கு லிங்க் வருவதும் பலம். அதைக் காசுக்கு வாங்காதீர்கள், அகப்பட்டால் தேடலிலிருந்தே காணாமல் போவீர்கள். அறுகம்பை விடுதி ஒன்றின் “இங்கே என்ன வாங்கலாம்” என்ற பக்கத்தில் ஒரு வரி, பழைய மாணவர் சங்கத் தளத்தில் அனுசரணையாளர் பெயர், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் பல்கலைக்கழகத்திலோ படிக்கும் பிள்ளைகள் கைத்தறியைப் பற்றிச் செய்யும் ஆய்வுக்கு உதவி செய்து அதில் ஒரு குறிப்பு. இப்படி வருபவைதான் நிற்கும்.

படி 9: இப்போது விளம்பரம்

முதல் எட்டுப் படியும் முடிந்திருந்தால் மட்டும். ஒரு நாளுக்கு ஒரு சோற்றுப் பார்சல் காசில் தொடங்குங்கள். பேஸ்புக்கில் “பூஸ்ட்” பொத்தானை அழுத்தினால் லைக் வரும், ஓடர் வருவது குறைவு. விளம்பர முகாமைப் பக்கத்துக்குப் போய், வட்ஸ்அப்பில் செய்தி அனுப்ப வைப்பதை நோக்கமாகத் தேர்ந்தெடுங்கள். இடத்தைச் சுருக்குங்கள். கேக் என்றால் மட்டக்களப்பு நகரைச் சுற்றி சில கிலோமீட்டர். துணி என்றால் வெள்ளவத்தை, அல்லது வெளிநாட்டில் தமிழர் அதிகம் வாழும் ஒரு நகரம். ஒரு நேரத்தில் ஒரே இடம்தான், அப்போதுதான் எது வேலை செய்தது என்று தெரியும். விளம்பரத்து வசனத்தை யோசித்து மூளையைக் கசக்க வேண்டாம். கொப்பியில் ஏழு தரம் வந்த கேள்வி இருக்கிறதே, “அம்மாக்குக் கொண்டுபோய்க் குடுப்பீங்களா?” நாங்கள் அதையே தலைப்பாகப் போட்டோம்.

படி 10: எண்ணுங்கள்

லைக்கை எண்ணாதீர்கள். மாதத்துக்கு ஒரு நாள் சேர்ச் கொன்சோலைத் திறந்து, எந்தச் சொல்லைத் தேடி உங்கள் பக்கம் தெரிந்தது, எத்தனை பேர் அழுத்தினார்கள் என்று பாருங்கள். 16 மாதத் தரவு அங்கே இருக்கும், ஆகவே போன வருடப் பெருநாளோடு இந்த வருடத்தை ஒப்பிடலாம். நிறையத் தரம் தெரிந்தும் ஒருவரும் அழுத்தாத பக்கம் இருந்தால் டைட்டிலை மாற்றுங்கள். நீங்கள் எழுதாத ஒரு சொல்லுக்குத் தெரிந்திருந்தால் அதற்கு ஒரு பக்கம் எழுதுங்கள். காக்காவுக்கு அப்படித்தான் கலியாண வீட்டுக்கு ஒரே கரையில் இருபது சாரம் நெய்து தருவதற்கு ஒரு பக்கம் பிறந்தது.

அதே நாளில் கொப்பியையும் பாருங்கள். வழி கேட்டு வரும் அழைப்புகள் குறைந்து, “பக்கத்தில பார்த்தன், அந்தப் பச்சக் கரை இருக்கா?” என்று கேட்பவர்கள் கூடியிருந்தால் தளம் வேலை செய்கிறது. கொப்பி முடிந்துவிட்டால் புதியதை வாங்கி, முதற்பக்கத்தில் பெயர், முகவரி, நம்பரையும் டொமைன் புதுப்பிக்கும் திகதியையும் எழுதி வையுங்கள்.